அத்தை பேருக்கு

தேகு, தென்கொரியா
12.3.1995

மரியாதைக்குரிய அத்தைக்கு ஆறுச்சாமி எழுதுவது.

வந்து சேர்ந்து பதினெட்டு நாள் ஆகிறது. காந்திபுரத்து ஏஜெண்ட் 'நூல் கம்பெனி, ஃபிட்டர் வேலை' என்று சொன்னதை நம்பித்தான் நானும் வந்தேன், நீங்களும் ஜாமீன் கையெழுத்துப் போட்டீர்கள். இது நூல் கம்பெனி இல்லைங்க அத்தை. பந்துக் கம்பெனி. பேஸ்பால் என்று ஒரு ஆட்டம், இந்த ஊரில் எல்லாருக்கும் அதுதான் பைத்தியம். அதற்கான பந்து செய்கிறார்கள்.

ரப்பர் பூசின தக்கை உருண்டை மேல் கம்பளி நூலைச் சுற்றும் மிஷின் இருக்கிறது. நம் பல்லடத்தில் தறிக்கு நூல் தார் சுற்றுகிற மாதிரியே சத்தம். அதில் என்னை விடுவார்கள் என்று நினைத்தேன். அங்கே அவர்கள் ஆள்தான் நிற்கிறார்கள். என்னைத் தையலில் உட்கார வைத்துவிட்டார்கள். எட்டு மாதிரி வெட்டின இரண்டு வெள்ளைத் தோலை அந்த நூல் உருண்டை மேல் போர்த்தி, இரண்டு ஊசியில் சிவப்பு நூல் கோத்துத் தைக்க வேண்டும். ஒரு பந்துக்கு நூற்றெட்டுத் தையல். மாட்டுத் தோல். உங்களிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

பாஸ்போர்ட்டை வந்த அன்றே வாங்கி ஆபீஸ் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இரண்டு வருஷம் முடிந்தால்தான் திறப்பார்களாம். நாங்கள் தங்குகிற கொட்டகைக்கு வெளிப்பக்கம்தான் தாழ்ப்பாள்.

லோகப்பிரியா உங்கள் வீட்டில் இருக்கும்போது, என் பெண்டாட்டிதான் என்றாலும், அவள் பேருக்குத் தனியாகக் கடிதம் போடுவது முறையாக இருக்காது. அதனால் உங்கள் பேருக்கே எழுதுகிறேன். முன் ஆசாரத்தில் உட்கார்ந்து எல்லாரும் கேட்கும்படி படியுங்கள். பாப்பாவுக்கு இருமல் விட்டதா என்று அவளை எழுதச் சொல்லுங்கள். கம்பெனிச் சட்டை போட்டு எடுத்த போட்டோ ஒன்று இதில் வைத்திருக்கிறேன்.

ஆறுச்சாமி


சுல்தான்பேட்டை
4.4.95

மாப்பிள்ளைக்கு அத்தை குழந்தையம்மாள் எழுதிக்கொண்டது. கடுதாசி கிடைத்தது. நான் அஞ்சாம் கிளாசோடு நின்றவள் என்றாலும் கடுதாசி படிக்க இன்னொருத்தர் வாயைப் பார்க்கிறவள் இல்லை. நானே படித்தேன்.

தோல் வேலையா? எங்கண்ணன் மகன், இந்த வீட்டு மாப்பிள்ளை, நம்ம சனத்தில் ஒருத்தரும் தொடாத வேலைக்கா கடல் தாண்டிப் போனது? எங்கண்ணன் உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் நேராக என்னைத்தான் கேட்டிருப்பார், ஜாமீன் போட்டவள் நான்தானே. இனிமேல் கடுதாசியில் அந்தத் தோல் என்கிற பேச்சே வேண்டாம். எழுதாவிட்டால் இல்லாமல் போய்விடும்.

போட்டோ ரொம்ப நன்றாக இருக்கிறது. நீலச் சட்டை, நெஞ்சில் பெரிய எழுத்து, கையில் பந்து. பால் சொசைட்டியில் காட்டினேன். பொங்கியண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங், உங்க மருமகன் பந்து போடறாருங்களா, பொறுக்கிப் போடறாருங்களா?" என்று இளித்தார். அவர் மகன் மஸ்கட்டில் இருக்கிற கொழுப்பு. "சொல்லிக் குடுக்கறாருங். கோச்சு" என்று சொல்லிப்போட்டேன். எங்கிருந்து வந்ததோ, வாயில் வந்தது. சொன்னது சொன்னதுதான். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

பாப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது. லோகுவை எழுதச் சொன்னேன். வெட்கப்படுகிறாள். நான் எழுதினால் அவள் எழுதின மாதிரிதான்.

குழந்தையம்மாள்


தேகு
20.5.1995

அத்தைக்கு,

வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் மரத்துவிட்டன. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என்னைப் பாதி நாள் வெளியே விடுகிறார்கள். கம்பெனிக்குள் தைப்பது போதவில்லை. அதனால் மலைச் சரிவில் இருக்கும் வீடுகளுக்கு மூட்டை மூட்டையாகத் தோலும் நூல் உருண்டையும் கொண்டுபோய்ப் போட்டு, தைத்த பந்தை வாங்கி வர வேண்டும். திருப்பூரில் பிசிறு வெட்ட பனியன் மூட்டையை வீட்டுக்கு வீடு போட்டுவிட்டு வருகிறார்களே, அதே மாதிரிதான். எல்லாம் பெண்கள். மரக் கவ்வியில் பந்தைப் பிடித்து முழங்கால் இடுக்கில் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் கொக்கு சிறகு விரிக்கிற மாதிரி விரித்து நூலை இழுக்கிறார்கள். பேச்சு நிற்பதே இல்லை.

அதில் சுன்ஜா என்று ஒரு அக்கா, அறுபது வயது இருக்கும். நான் தைத்த பந்தை ஒருநாள் கையில் வாங்கி உருட்டிப் பார்த்து, மூக்கைச் சுளித்து, முழுத் தையலையும் பிரித்துப்போட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு பக்கத்தில் உட்கார வைத்து, எச்சில் தொட்டு நூலை முறுக்குவது எப்படி என்று காட்டினார். போகும்போது ஒரு கிண்ணம் சோறும், மிளகாய்ப்பொடி போட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோசும் கொடுத்தார். ஊர் விட்டு வந்து நாக்கில் காரம் பட்டது அன்றைக்குத்தான்.

மலையில் இருக்கிற அந்த நாலு மணி நேரம்தான் எனக்கு உயிர். திரும்பி வந்தால் பன்னிரண்டு பேர் கொட்டகை, தாழ்ப்பாள். போன வாரம் ஒரு நேபாளத்துக்காரனுக்கு வயிற்றுவலி. கத்திக் கத்திப் பார்த்தும் விடியும்வரை யாரும் திறக்கவில்லை.

அத்தை, ஒரு விஷயம் கேட்க வேண்டும். ஆபீஸில் விசாரித்தேன். ஜாமீன் போட்டவர் காந்திபுரத்து ஏஜெண்ட் ஆபீசுக்கு நேரில் போய், குடும்பத்தில் கூப்பிடுகிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், பாதியில் விடுவார்களாம். நீங்கள் போட வேண்டும். வேறு யார் போட்டாலும் செல்லாது. என்னால் முடியவில்லை. லோகப்பிரியாவிடமும் கலந்து பேசுங்கள்.

ஆறுச்சாமி


சுல்தான்பேட்டை
16.6.95

மாப்பிள்ளைக்கு,

நாலு மாசத்தில் திரும்பி வந்தால் ஊர் என்ன சொல்லும் என்று யோசித்தீர்களா? துரத்திவிட்டார்கள் என்று சொல்லும். மாரியம்மன் நோம்பிக்கு இந்த வருஷம் என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, "வெளிநாட்டுல ஆட்டம் சொல்லிக் குடுக்கறவரோட மாமியாருங்க" என்று மைக்கில் சொன்னார்கள். என் ஐம்பத்தாறு வயசில் என் பேரை மைக்கில் சொன்னது அதுதான் முதல் தடவை. பொங்கியண்ணன் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

ஹைஸ்கூல் டிரில் மாஸ்டர் பஷீர் வாத்தியார் வீட்டுக்கே வந்துவிட்டார். "அம்மா, அந்த ஆட்டத்தோட ரூல்ஸெல்லாம் உங்க மருமகனை எழுதி அனுப்பச் சொல்லுங்க. நம்ம புள்ளைகளுக்கும் பழக்கி உடலாம்" என்கிறார். நல்ல மனுசர். காபி கொடுத்து அனுப்பினேன். எழுதி அனுப்புங்கள்.

லோகுவிடம் பேசினேன். இரண்டு வருஷம் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும், இருந்து முடித்துவிட்டே வரட்டும் என்று சொல்கிறாள். அதனால் கையெழுத்துக் கதையை விட்டுவிடுங்கள். விரலுக்கு வேப்பெண்ணெய் கிடைத்தால் தடவுங்கள்.

குழந்தையம்மாள்


தேகு
30.7.1995

அத்தைக்கு,

லோகப்பிரியா அப்படிச் சொன்னாளா? சரி.

அவள் சொன்னதை அவள் கையாலேயே ஒரு வரி எழுதியிருக்கலாம். பத்தாவது வரை படித்தவள். பொங்கியண்ணன் மாமா வீட்டுக்கு இரண்டு தரம் போன் போட்டேன். இரண்டு தரமும் நீங்கள்தான் வந்தீர்கள். ஒருதரம் அவள் கோயிலுக்குப் போயிருந்தாள், ஒருதரம் தூங்கிக்கொண்டிருந்தாள். பகல் பதினோரு மணிக்கு.

பஷீர் வாத்தியாருக்கு ரூல்ஸ் என்ன எழுதுவது? நான் ஆட்டத்தைப் பார்த்ததே போன ஞாயிற்றுக்கிழமைதான். சுன்ஜாக்காவும் தையல்காரப் பெண்கள் ஐந்து பேரும் கம்பெனி சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு என்னை மைதானத்துக்குக் கூட்டிப்போனார்கள். பெரிய மைதானம். கையில் வறுத்த மீன் பொட்டலம், எழுந்து எழுந்து ஆடுகிறார்கள். அந்த அக்காமார்கள் ஆட்டத்தைவிடப் பந்தைத்தான் பார்க்கிறார்கள். ஒருவன் வீசினதும், "இது என்னுது, தையல் மேடு பாரு" என்று ஒருத்தி, "போடி, உன்னுது இவ்வளவு தூரம் போகாது" என்று இன்னொருத்தி. எனக்கு இப்போது இவ்வளவு புரிகிறது.

ஒரு பந்து ஏழெட்டு வீச்சுக்குத்தான் நிற்கிறது அத்தை. மண் பட்டால் எடுத்துப் போட்டுவிட்டு வேறு பந்து வாங்கிக்கொள்கிறார்கள். அதைப் பார்த்ததும் எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. எங்கே போவது? திரும்பி வந்ததும் சூப்பர்வைசர் எங்கள் தலையை எண்ணிப் பார்த்துத்தான் தாழ் போட்டார்.

ஆறுச்சாமி


தேகு
5.10.1995

அத்தைக்கு,

போன மாதம் சுன்ஜாக்கா, "பெண்டாட்டி கடிதம் போடுகிறாளா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "நீ யாருக்கு எழுதுகிறாய்?" என்றார். அத்தைக்கு என்றேன். புரியவில்லை. பெண்டாட்டியின் அம்மாவுக்கு என்றேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு ஜன்னலைத் திறந்து எதிர்வீட்டுக்காரிகளைக் கத்திக் கூப்பிட்டுச் சொன்னார். ஐந்து பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "மாமியாருக்குக் காதல் கடிதம் எழுதுகிறவன்" என்று மலை முழுக்க எனக்குப் பேர் ஆகிவிட்டது.

எங்கள் பக்கம் இதுதான் மரியாதை என்று சொன்னேன். சுன்ஜாக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு, "மரியாதை சரி. அவள் கைக்குப் போகிறதா?" என்றார்.

அன்றைக்கே தபாலாபீசுக்குக் கூட்டிப்போனார். லோகப்பிரியா பேருக்கு ரிஜிஸ்டர் தபால் போட்டேன். வாங்குகிறவர் கையெழுத்துப் போட்ட அட்டை அனுப்பினவருக்கே திரும்பி வரும் தபால்.

அட்டை நேற்று வந்தது. அதில் இருப்பது 'கு. குழந்தையம்மாள்'.

ஆறுச்சாமி


சுல்தான்பேட்டை
25.10.95

மாப்பிள்ளைக்கு,

ஒரு கையெழுத்துக்கு இத்தனை பேச்சா? லோகு அன்றைக்குப் பாப்பாவுக்கு அம்மை ஊசி போட சூலூர் போயிருந்தாள். தபால்காரர் ராமுலு சைக்கிளை நிறுத்திக்கொண்டு, "நீங்களே போட்டுக் குடுங்கம்மா, நாளைக்கு இன்னொரு நடை என்னால முடியாது" என்றார். போட்டேன். பெருவிரல் வைக்கிறவள் இல்லையே நான், எழுத்துப் போடத் தெரிந்தவள், அதனால் போட்டேன். சாயங்காலம் அவள் வந்ததும் கொடுத்துவிட்டேன். படித்தாள். சந்தோஷப்பட்டாள்.

யாரோ முன்பின் தெரியாத பொம்பளைகள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வீட்டுப் பெரியவளைச் சந்தேகப்படுவதா? மாப்பிள்ளை என்று 'நீங்கள்' போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் மகன் என்று நினைத்தால் வேறு மாதிரி எழுத வேண்டி வரும். மழைக்குப் பின்வீட்டுச் சுவர் இடிந்து விழுந்துவிட்டது, அதைப் பார்ப்பேனா இதைப் பார்ப்பேனா.

குழந்தையம்மாள்


தேகு
18.11.1995

அத்தைக்கு,

அந்த ரிஜிஸ்டர் கடிதத்தில் நான் எழுதியிருந்தது ஒரே ஒரு கேள்வி. அது என்ன என்று லோகப்பிரியாவுக்குத் தெரிந்திருந்தால் பதில் வராமல் இருக்காது. சந்தோஷப்படுகிற மாதிரி அதில் ஒன்றும் இல்லை.

உங்கள் பேருக்கு நான் எழுதுகிற கடைசிக் கடிதம் இது.

பஷீர் வாத்தியாருக்கு ஆட்டத்தின் ரூல்ஸைத் தெரிந்த வரைக்கும் எழுதிவிட்டேன். நான் கோச்சு இல்லை, பந்து தைக்கிறவன் என்றும் எழுதியிருக்கிறேன். அதே கவரில் லோகப்பிரியாவுக்கு ஒன்று வைக்கிறேன், அவள் கையிலேயே கொடுக்கச் சொல்லி. ஆனால் அதை இன்றைக்குப் போடப் போவதில்லை. எட்டு நாள் கழித்துப் போடுவேன். அதற்குள் உங்கள் வாயாலேயே அவளிடம் சொல்லிவிட உங்களுக்கு நேரம் இருக்கட்டும். நீங்கள் என் அப்பாவின் தங்கை. அதற்காக இந்த எட்டு நாள்.

தோல் என்று எழுத வேண்டாம் என்றீர்கள். என் தையலை இப்போது யாரும் பிரித்துப்போடுவதில்லை. சுன்ஜாக்கா நாற்பது வருஷமாக இதே தோலைத் தைத்துத்தான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார். அவர் வீட்டில் நான் சாப்பிடுகிறேன். இதையும் ஊரில் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஆறுச்சாமி


சுல்தான்பேட்டை
3.1.96

ஆறுச்சாமிக்கு அத்தை எழுதுவது.

இனி எழுத மாட்டேன் என்று நீ சொன்னாய். நான் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். உன் அட்ரசைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகிவிட்டது.

எட்டு நாள் கொடுத்தாய். சொல்லவில்லை. உன் கடுதாசி வந்த அன்று சாயங்காலம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், அரிசிம்பருப்புச் சோற்றுக்கு நெய் ஊற்றட்டுமா என்று கேட்டேன். அடுத்த நாளும் அப்படித்தான். பிறகு பஷீர் வாத்தியார் வீட்டுக்குத் தபால் வராமலே போகட்டும் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். அந்த அளவுக்குப் போய்விட்டேன்.

வந்துவிட்டது. வாத்தியார் வண்டியை நிறுத்தி, உள்ளேகூட வராமல், "இது லோகப்பிரியாவுக்குங்கம்மா" என்று நீட்டினார். நான் கை நீட்டினேன். "இல்லீங், அவங்க கையிலதான் குடுக்கோணும்னு எழுதியிருக்கறாருங்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நீட்டின கையை இழுத்துக்கொண்டு லோகுவைக் கூப்பிட்டேன்.

நின்றபடியே படித்தாள். இரண்டு தரம் படித்தாள். "உனக்கு நான் வேணுமா, ரெண்டு வருசம் வேணுமான்னு ரிஜிஸ்டர்ல கேட்டேன்னு எழுதியிருக்கறாரு. அந்தக் கடுதாசி எங்கம்மா?" என்றாள்.

பிஸ்கட் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் அதில்தான் இருந்தது. உன்னுடையது எல்லாம். அவள் உனக்கு எழுதித் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்த மூன்றும் அதில்தான். திரும்பி வந்துவிடுங்கள் என்றுதான் மூன்றிலும் எழுதியிருந்தாள். படிக்காமல் இருப்பேனா? படித்துவிட்டுத்தான் போடவில்லை. உன் கடுதாசிகளில் தோல் வருகிற இடத்தையும் தாழ்ப்பாள் வருகிற இடத்தையும் விட்டுவிட்டு மீதியை அவளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். பெரும்பாலும் நானே சொந்தமாகச் சேர்த்துப் படித்தேன். நன்றாகத்தான் சேர்த்தேன். இரண்டு தரம் அவள் சிரித்துக்கூட இருக்கிறாள்.

"எதுக்கும்மா?" என்றாள்.

"ஊரு என்ன பேசும் கண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

"ஊரு ஒண்ணும் அவரைப் பூட்டி வைக்கலீம்மா. நீதான் வெச்சிருக்கறே. என்னையுஞ் சேத்து" என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், இரண்டு பேரும் அழுது தீர்த்திருப்போம்.

பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு, மத்தியானம் பஸ்ஸுக்கே பல்லடம் போய்விட்டாள். பூட்டிக் கிடந்த உங்கள் வீட்டைத் திறந்து கூட்டிப் பெருக்கி அங்கேயே இருக்கிறாளாம். உங்கள் தறியை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிற பாவாத்தாள் மகன் சொன்னான். நான் போனேன். வாசலில் உட்காரப் பலகை போட்டாள், காபி கொடுத்தாள், வந்துபோகிற ஒறம்பரைக்குக் கொடுக்கிற மாதிரி. பாப்பா மட்டும் மடியில் வந்து உட்கார்ந்தது.

அங்கிருந்து நேராகக் காந்திபுரம் போனேன். ஏஜெண்ட் ஆபீஸ் அன்றைக்கு ஜாமீன் போட்ட அதே லாட்ஜ் மாடியில்தான். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தான். என் பக்கத்தில் யார் தெரியுமா? பொங்கியண்ணன். சின்ன மகனையும் அனுப்பப் பார்க்கிறாராம். "நீங்க எங்கீங் இந்தப் பக்கம்?" என்றார். மருமகனைத் திரும்பக் கூப்பிட வந்தேன் என்றேன். "ஏனுங், கோச்சு வேலை புடிக்கலீங்களாமா?" என்றார். "கோச்சு இல்லீங். தோல் தைக்கறாரு" என்றேன். சொன்னதும் ஒன்றும் இடிந்து விழவில்லை. அவர்தான் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்தார்.

ஃபாரத்தில் காரணம் என்று ஒரு கட்டம். குமாஸ்தா, "வீட்டு விசேசம்னு போட்டுக்கறேனுங்" என்று பேனாவை எடுத்தான். நான் வாங்கி நானே எழுதினேன். 'இவர் சம்சாரம் கூப்பிடுகிறார். நடுவில் நான் மறைத்துவிட்டேன். அனுப்பி வைக்கவும்.' கட்டம் போதவில்லை, ஓரத்தில் எழுதினேன். குமாஸ்தா படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். கீழே என் கையெழுத்தைப் போட்டேன். அந்த ரிஜிஸ்டர் அட்டையில் போட்ட அதே கையெழுத்துதான். வேறு எனக்குத் தெரியாது.

கம்பெனி பதில் வர நாற்பது நாள் ஆகுமாம். விடுவார்கள் என்று நிச்சயம் இல்லையாம். இரண்டு வருஷமும் இருந்துதான் தீர வேண்டும் என்று சொன்னாலும் சொல்லலாமாம். அப்படிச் சொன்னால் இன்னொரு தரம் போவேன். அந்தப் பெஞ்சில் உட்கார எனக்கு இனி வெட்கம் ஒன்றும் இல்லை.

உன் விரல் எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கிற முகம் இல்லை. அந்தச் சுன்ஜாம்மாளிடம் நான் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை என்று சொல். நினைத்தேன், இப்போது இல்லை.

லோகுவுக்கு எழுதுகிறதைப் பல்லடத்து விலாசத்துக்கே போடு. மறந்தும் இங்கே போட்டுவிடாதே. ராமுலு கொண்டுவந்து கொடுத்தால் நான் பிரித்துவிடுவேன்.

குழந்தையம்மாள்